எந்தக் கதவைத் தட்டுவது?

கோத்தா திங்கியிலிருந்து பார்த்தால் தெரியும் நம் நாட்டின் ஆட்சியும் பொருளாதாரமும்

வானொலியில் நேயர்களின் அழைப்பை எடுக்கும் எங்களுக்கு நன்றாகப் பழகிப்போன ஒரு கேள்வி உண்டு. "இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?"

சாலையில் குழி, தாமானில் அடைத்துக்கொண்ட கால்வாய், தமிழ்ப்பள்ளிக்கு நிலம், கோயிலுக்கு வந்த நோட்டீஸ், கிளினிக்கில் டாக்டர் இல்லை. பிரச்சினை எதுவாக இருந்தாலும் கேள்வி இதுதான். சிலர் அலைந்து களைத்த பிறகு அழைப்பார்கள். "ஒய்.பி. கிட்ட சொன்னேன், பார்க்கிறேன்னு சொன்னாரு. ரெண்டு வருஷம் ஆச்சு." எந்த ஒய்.பி. என்று கேட்டால்தான் விஷயம் புரியும். நிலப் பிரச்சினைக்கு நாடாளுமன்ற உறுப்பினரிடமும், ஆசிரியர் பற்றாக்குறைக்குச் சட்டமன்ற உறுப்பினரிடமும் போயிருப்பார்கள். இருவரும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சாவி அவர்கள் கையில் இல்லை.

கூட்டாட்சி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். 13 மாநிலங்கள், 3 கூட்டரசுப் பிரதேசங்கள், மாமன்னர், நாடாளுமன்றம் என்று பரீட்சைக்கு எழுதி மதிப்பெண் வாங்கினோம். அந்தப் பாடம் நம் வீட்டு வாசலில் எப்படி நடக்கிறது என்பதை யாரும் காட்டவில்லை. காட்டுவதற்கு ஏற்ற இடம் கோத்தா திங்கி. ஜொகூரின் மிகப் பெரிய மாவட்டம். சிங்கப்பூருக்குத் தண்ணீர், உலகச் சந்தைக்குச் செம்பனை எண்ணெய், பெங்கெராங்கில் பெட்ரோலியம், தேசாருவில் சுற்றுலா என்று நாட்டின் பொருளாதாரத்தில் பாதி அத்தியாயங்கள் இந்த ஒரு மாவட்டத்திலேயே இருக்கின்றன.

வீட்டு மேசையில் மூன்று அரசாங்கங்கள்

கோத்தா திங்கி தாமான் வீடு ஒன்றுக்கு வரும் பில்களைப் பிரித்துப் பாருங்கள்.

சுக்காய் தானா என்று சொல்கிறோமே, அந்த நிலவரி நில அலுவலகத்துக்குப் போகிறது. அது மாநில அரசின் வருமானம். சுக்காய் பிந்து என்று வழக்கில் சொல்லும் மதிப்பீட்டு வரி ஊராட்சி மன்றத்துக்குப் போகிறது. தெருவிளக்கு, தாமான் கால்வாய், சந்தை, அங்காடிக் கடை லைசென்ஸ் எல்லாம் அந்த மன்றத்தின் பொறுப்பு. சம்பளத்தில் பிடிக்கப்படும் வருமான வரி, காருக்குக் கட்டும் சாலை வரி, கடையில் நம்மை அறியாமலே கட்டும் விற்பனை, சேவை வரி ஆகியவை மத்திய அரசின் கணக்கில் சேருகின்றன.

ஒரே குடும்பம், மூன்று அரசாங்கங்கள். இவற்றில் எது பெரியது என்பதைத் தொகையே சொல்லிவிடும். 2025-ஆம் ஆண்டுக்கு நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட மத்திய பட்ஜெட் 42,100 கோடி வெள்ளி. அதே ஆண்டுக்கான ஜொகூர் மாநில பட்ஜெட் ஏறத்தாழ 200 கோடி வெள்ளி. அதாவது மத்திய அரசு 200 வெள்ளி செலவழிக்கும்போது ஜொகூர் மாநிலம் ஒரு வெள்ளி செலவழிக்கிறது.

இதை வைத்து மாநிலம் ஏமாற்றப்படுகிறது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. கோத்தா திங்கி மருத்துவமனை, பள்ளிகள், ஆசிரியர் சம்பளம், போலீஸ், ராணுவம் எல்லாவற்றையும் மத்திய அரசுதான் ஏற்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி இந்த ஊருக்கே திரும்பி வருகிறது. ஆனால் எங்கே, எவ்வளவு, எப்போது என்பதை முடிவு செய்யும் மேசை புத்ராஜெயாவில் இருக்கிறது.

கம்போங் மாக்காம் சொல்லும் கதை

ஆட்சிமுறை என்பது இந்த ஊருக்குப் புதிய பாடமில்லை. கோத்தா திங்கியில் கம்போங் மாக்காம் என்ற இடத்தில் சுல்தான் மஹ்மூட் ஷாவின் அடக்கத்தலம் இருக்கிறது. மக்கள் அவரை 'மங்காட் டிஜூலாங்' என்பார்கள். பல்லக்கில் சுமந்து செல்லப்பட்டபோது மாண்டவர் என்று பொருள். 1699-ஆம் ஆண்டு இங்கே அவர் கொல்லப்பட்டார். அரண்மனைத் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றைத் தின்றதற்காகக் கர்ப்பிணி ஒருத்தியின் உயிரை அரசர் பறித்தார், அவளுடைய கணவன் பழிதீர்த்தான் என்பது வழிவழியாக வரும் கதை.

கதையில் எவ்வளவு உண்மை என்பதை வரலாற்று ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அதன் பிறகு நடந்தது வரலாறு. அரசருக்கு வாரிசு இல்லை. முதலமைச்சர் நிலையில் இருந்த பெண்டஹாரா அரியணை ஏறினார். பழைய அரச வம்சத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டிருந்த கடலோடி மக்களின் விசுவாசம் ஆட்டம் கண்டது. கடல் வாணிகத்தை நம்பி வாழ்ந்த ஜொகூர் அரசு உட்பூசலில் வலுவிழந்தது. ஆட்சி சரிந்தால் வியாபாரமும் சரியும் என்பதை இந்த ஆற்றங்கரை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. அன்று ஒரு குடிமகனுக்குக் குறை சொல்ல ஒரே ஒரு கதவுதான் இருந்தது. அதையும் தட்ட முடியாது.

1895-இல் சுல்தான் அபூபக்கர் காலத்தில் ஜொகூர் தனக்கென்று எழுத்து வடிவில் ஓர் அரசியலமைப்பை உருவாக்கிக்கொண்டது. மலாய் மாநிலங்களில் அதுவே முதலாவது. மலேசியா என்ற நாடு பிறப்பதற்கு 68 ஆண்டுகளுக்கு முன்பே ஜொகூருக்குச் சட்டப் புத்தகம் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாநில உரிமை பற்றி ஜொகூர்க்காரர்கள் பேசும்போது குரல் கொஞ்சம் உயர்வதற்குக் காரணம் இருக்கிறது.

பாகப்பிரிவினை

சுதந்திரத்துக்கு முன் நாட்டின் அரசியலமைப்பை வரைய ரீட் ஆணையம் அமைக்கப்பட்டது. இலங்கையின் அரசியலமைப்புப் பணியில் ஈடுபட்ட ஐவர் ஜென்னிங்ஸ், இந்தியாவின் அலகாபாத் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மாலிக் ஆகியோரும் அதில் உறுப்பினர்கள். வலுவான மத்திய அரசு வேண்டும், மாநிலங்களுக்கும் ஓரளவு தன்னாட்சி வேண்டும் என்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதுபோல் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அதிகாரங்களைப் பிரித்தது. தற்காப்பு, வெளியுறவு, நிதி, கல்வி, மருத்துவம், வர்த்தகம், தொழிலாளர் விவகாரம், குடியுரிமை ஆகியவை மத்திய அரசுக்கு. நிலம், காடு, ஆறு, விவசாயம், ஊராட்சி, இஸ்லாமிய சமய விவகாரம் ஆகியவை மாநிலத்துக்கு. நகரமைப்பு, வடிகால் போன்ற சில இருவருக்கும் பொது. 2005-இல் செய்த திருத்தத்தால் தீபகற்பத்தில் குடிநீர் விநியோகமும் இந்தப் பொதுப் பட்டியலுக்கு வந்துவிட்டது.

சுருக்கமாகச் சொன்னால், மண் மாநிலத்துக்கு, பணம் மத்திய அரசுக்கு. வருமான வரி, நிறுவன வரி, சுங்க வரி என்று காசு கொழிக்கும் வரிகள் எல்லாம் மத்திய அரசிடம். மாநிலத்துக்கு நிலம், காடு, கனிமம் ஆகியவற்றின் வருமானமும், மக்கள்தொகையைக் கணக்கிட்டும் சாலைகளைக் கணக்கிட்டும் மத்திய அரசு தரும் மானியங்களும் உண்டு. மாநிலம் தன் இஷ்டத்துக்குக் கடன் வாங்கவும் முடியாது.

இந்தியாவில் இதற்கு வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதிக்குழு அமைத்து, மத்திய வரிகளில் மாநிலங்களின் பங்கை விழுக்காட்டில் வகுத்துவிடுகிறார்கள். 15-ஆவது நிதிக்குழு வகுத்த பங்கு 41 விழுக்காடு. அந்தப் பங்கு போதாது என்று தமிழ்நாடு வாதாடுகிறது. வாதாடுவதற்கு அங்கே ஒரு எண்ணாவது இருக்கிறது. நம் நாட்டில் வருமான வரியில் மாநிலத்துக்கு இத்தனை விழுக்காடு என்று எந்தப் பங்கும் இல்லை. நீங்கள் கோத்தா திங்கியில் உழைத்துக் கட்டும் வருமான வரி முழுவதும் மத்திய அரசுக்கே போய், பிறகு பட்ஜெட் வழியாகத் திரும்பி வருகிறது.

இதனால் ஒரு விளைவு உண்டு. மாநிலத்தின் பெரிய வருமானம் நிலமும் காடும் என்றால், காசு தேவைப்படும்போது மாநிலம் எதைத் தொடும்? நிலத்தையும் காட்டையும்தான். காடழிப்பு, ஆற்று மாசு பற்றிப் பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டிய முதல் காரணம் இந்த வரவுசெலவுக் கணக்கில் ஒளிந்திருக்கிறது.

3 சென் தண்ணீர்

இந்தப் பாகப்பிரிவினையின் முழுச் சிக்கலையும் பார்க்க ஜொகூர் ஆற்றுக்கு வாருங்கள்.

1962 செப்டம்பர் 29-ஆம் தேதி ஜொகூர் மாநில அரசும் சிங்கப்பூர் நகராட்சியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். சுத்திகரிக்கப்படாத தண்ணீரின் விலை 1,000 கேலனுக்கு 3 சென். ஒப்பந்தம் 2061 வரை செல்லும். ஆற்று நீரை எடுத்துச் சுத்திகரிக்கும் சிங்கப்பூரின் ஆலை கோத்தா திங்கியில்தான் இருக்கிறது. பிறகு 1990-இல் இன்னோர் ஒப்பந்தம் போடப்பட்டு, ஆற்றின் மேற்பகுதியில் லிங்கியூ அணை கட்டப்பட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழு அளவான 25 கோடி கேலனையும் எடுத்தால்கூட ஒரு நாளைக்கு 7,500 வெள்ளி. வருடத்துக்குச் சுமார் 27 லட்சம் வெள்ளி. ஜொகூர் பாருவில் நல்ல இடத்தில் இரண்டு பங்களா வாங்கலாம்.

சிங்கப்பூர் தரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை 1,000 கேலன் 50 சென் விலையில் ஜொகூருக்கே திருப்பி விற்கிறார்கள். சுத்திகரிக்கத் தங்களுக்கு ஆகும் செலவு 2 வெள்ளி 40 சென் என்பது அவர்கள் கணக்கு. 25 ஆண்டுகளுக்குப் பிறகு, அதாவது 1987-இல், விலையை மறுஆய்வு செய்ய வாய்ப்பு இருந்தது. அப்போது மலேசியா செய்யவில்லை. இப்போது அந்த உரிமை இருக்கிறதா, இல்லையா என்பதுதான் இரு நாடுகளுக்கும் இடையில் உள்ள வழக்கு.

நமக்கு வேண்டிய பாடம் வேறு. கையெழுத்திட்டது மாநிலம். ஆறு மாநிலத்துடையது. ஆனால் 1965 ஆகஸ்டு 9-இல் சிங்கப்பூர் தனி நாடானதும் இது இரு நாடுகளின் விவகாரம் ஆகிவிட்டது. பிரிவினை உடன்பாட்டில் தண்ணீர் ஒப்பந்தத்துக்கு உத்தரவாதம் எழுதப்பட்டது. வெளியுறவு மத்திய அரசின் கையில். ஆக, கோத்தா திங்கி ஆற்றின் விலையைப் பற்றி கோத்தா திங்கியில் பேச முடியாது. ஜொகூர் பாருவிலும் தனியாகப் பேச முடியாது. கோலாலம்பூர்தான் பேச வேண்டும். ஆற்றைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பு மட்டும் இங்கேயே இருக்கிறது.

செம்பனையின் லாபம் யாருக்கு?

கோத்தா திங்கியைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை. ஒரு காலத்தில் இதில் பெரும்பகுதி பால்மரக் காடு. நம் தாத்தா பாட்டிமார் விடிவதற்கு முன் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு போன நிரைகள் அவை.

1956-இல் பெல்டா தொடங்கப்பட்டது. அதன் அடிப்படை ஏற்பாடு எளிமையானது. மாநிலம் நிலம் கொடுக்கும், மத்திய அரசு பணம் கொடுக்கும், நிலமில்லாத ஏழைக் குடும்பங்கள் குடியேறி உழைக்கும். 1972-இல் தென்கிழக்கு ஜொகூரை மேம்படுத்த கெஜோரா என்ற மத்திய வாரியம் அமைக்கப்பட்டு, பண்டார் பெனாவார், பண்டார் தெங்காரா போன்ற புதிய ஊர்கள் எழுந்தன. மத்திய அரசும் மாநிலமும் கைகோத்தால் வறுமையை எவ்வளவு வேகமாகக் குறைக்கலாம் என்பதற்கு பெல்டா உலக அளவில் பேசப்பட்ட உதாரணம்.

ஆனால் பழைய தோட்டங்களில் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்த நம் மக்களில் மிகச் சிலருக்கே அந்தக் குடியேற்றத்தில் இடம் கிடைத்தது. தோட்டம் கைமாறியபோதும் துண்டாடப்பட்டபோதும் அவர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். காரணத்தை இந்தப் பாகப்பிரிவினையிலும் பார்க்கலாம். தோட்டத் தொழிலாளரின் சம்பளம் மத்திய அரசின் விவகாரம். அவர் குடியிருக்கும் நிலம் மாநிலத்தின் விவகாரம். வீடு தோட்ட முதலாளியுடையது. மூன்றுக்கும் நடுவில் விழுந்தவர்களை யாரும் தம் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை.

பெல்டா குடியேறிகளுக்கும் பின்னாளில் ஒரு பாடம் காத்திருந்தது. 2012 ஜூன் மாதம் பெல்டா குளோபல் வெஞ்சர்ஸ் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரு பங்கு 4 வெள்ளி 55 சென். குடியேறிகளுக்கும் பங்குகள் ஒதுக்கப்பட்டன. சில ஆண்டுகளிலேயே அதன் விலை பாதிக்கும் கீழே போனது. தோட்டத்தில் குலை வெட்டும் மனிதருக்கு, தன் வருமானத்தைத் தீர்மானிப்பவர்கள் கோலாலம்பூர் பங்குச் சந்தையிலும் இருக்கிறார்கள் என்பது அப்போது புரிந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். செம்பனை எண்ணெய்மீது சபா, சரவாக் மாநிலங்கள் சொந்தமாக விற்பனை வரி விதிக்கின்றன. 1963-இல் மலேசியாவில் இணைந்தபோது அவர்கள் கேட்டு வாங்கிய தனி உரிமைகளின் பலன் அது. ஜொகூருக்கு அந்த அதிகாரம் இல்லை. ஒரே நாடு, ஒரே செம்பனை. பேரம் பேசிய நேரத்தைப் பொறுத்து மாநிலத்துக்கு மாநிலம் பங்கு மாறுகிறது.

பெங்கெராங்கும் புதிய வாசலும்

மாவட்டத்தின் தென்முனை பெங்கெராங். முன்பு இறால் மீனுக்குப் பேர்போன மீனவர் பகுதி. 2011-இல் அங்கே பெட்ரோனாஸ் பெரும் சுத்திகரிப்பு வளாகம் அமைக்கப்போவதாக அறிவிக்கப்பட்டது. முதலீடு 2,700 கோடி அமெரிக்க டாலர். நாளொன்றுக்கு 3 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையில் சவூதி அராம்கோவும் பங்குதாரர். இதற்காகக் கிராமத்து மக்கள் வேறிடத்துக்குக் குடிமாற்றப்பட்டார்கள். முன்னோர் கல்லறைகள்கூட இடம் மாறின.

பெட்ரோனாஸ் 1974-இல் இயற்றப்பட்ட பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டப்படி அமைந்தது. அது பிரதமரின் கட்டுப்பாட்டில் உள்ளது. அதன் ஈவுத்தொகை மத்திய அரசுக்கு. நிறுவன வரியும் மத்திய அரசுக்கு. மாநிலத்துக்கு நிலம் தொடர்பான வருமானம். ஊராட்சி மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி. உள்ளூர் மக்களுக்கு வேலை, வாடகை, சாப்பாட்டுக் கடை வியாபாரம். கட்டுமானக் காலத்தில் அது உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கியது.

இப்போது அடுத்த பெரிய வாசல் திறக்கிறது. 2025 ஜனவரி 7-இல் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் பெங்கெராங்கும் தேசாருவும் முக்கியப் பகுதிகளாக இடம்பெற்றுள்ளன. சில துறைகளில் புதிதாக முதலீடு செய்யும் நிறுவனங்களுக்கு 15 ஆண்டு வரை 5 விழுக்காடு வரி மட்டுமே. தகுதிபெறும் நிபுணர்களுக்கு 10 ஆண்டுக்கு 15 விழுக்காடு நிலையான வருமான வரி. இந்தச் சலுகைகளைக் கொடுப்பது மத்திய நிதியமைச்சு. நிலத்தையும் அனுமதியையும் கொடுப்பது மாநிலம். தினமும் விடியற்காலையில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு ஓடும் நம் இளைஞர்கள் இந்த மண்டலத்தின் எந்தத் துறைகளுக்கு ஆள் தேவை என்று இப்போதே பார்த்து வைப்பது நல்லது. வேலை வந்த பிறகு படிப்பைத் தேட முடியாது.

வெள்ளம் வந்தால் யார் பொறுப்பு?

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து மூழ்கியதை அந்த ஊர்க்காரர்கள் மறக்கமாட்டார்கள். முதல் வெள்ளத்தின் சேற்றைக் கழுவி முடிப்பதற்குள் இரண்டாவது வந்தது. 2023 மார்ச்சிலும் ஜொகூர் மழையில் தத்தளித்தது.

மழை எச்சரிக்கை தருவது மத்திய வானிலைத் துறை. மேற்குப் பகுதியில் காடு வெட்ட அனுமதி கொடுப்பது மாநிலம். ஆறு மாநிலத்துடையது, வெள்ளத் தடுப்புத் திட்டங்களுக்குப் பணம் பெரும்பாலும் மத்திய அரசுடையது. தாமான் கால்வாய் ஊராட்சி மன்றத்துடையது. நிவாரண வேலைகளை மாவட்ட அதிகாரி ஒருங்கிணைக்கிறார். வெள்ளம் வடிந்ததும் குடும்பத்துக்குக் கிடைக்கும் உதவித்தொகை மத்தியப் பேரிடர் நிர்வாக அமைப்பிலிருந்து வருகிறது.

உதவித்தொகையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். அது முடிவில் வரும் கதவு. அடுத்த வெள்ளத்தில் வீடு தப்ப வேண்டுமானால் முதல் கதவுகளைத் தட்ட வேண்டும். கால்வாய் எப்போது தூர்வாரப்பட்டது என்று மன்றத்திடம் கேளுங்கள். ஆற்றின் மேற்பகுதியில் எந்த நிலம் எதற்காக மாற்றப்படுகிறது என்று சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.

சாலைக்கும் இதே கணக்குதான். கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். வெறும் எண் இருந்தால் மத்திய சாலை. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி வழியாக மெர்சிங் போகும் 3-ஆம் எண் சாலை அப்படிப்பட்டது. எண்ணுக்கு முன் 'ஜே' எழுத்து இருந்தால் மாநிலச் சாலை. தாமானுக்குள் இருக்கும் தெரு பெரும்பாலும் மன்றத்தின் பொறுப்பு. குழியைப் படமெடுத்து முகநூலில் போடுவதற்கு முன் அந்தக் கல்லையும் சேர்த்துப் படமெடுங்கள். யாரும் "எங்களுடையது இல்லை" என்று கைகழுவ முடியாது.

பள்ளிக்கும் கோயிலுக்கும்

நம் சமூகத்துக்கு நெருக்கமான இரண்டு விஷயங்களைப் பார்ப்போம்.

தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர், பாடத்திட்டம், கட்டட நிதி எல்லாம் மத்தியக் கல்வியமைச்சின் கையில். பள்ளி நிற்கும் நிலமோ மாநிலத்தின் ஆட்சியில். தோட்ட நிலத்தில் இருக்கும் பள்ளி என்றால் நிலம் நிறுவனத்துக்குச் சொந்தம். அதனால்தான் பல பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடிக்கின்றன. கட்டடத்துக்கு ஒதுக்கீடு அறிவித்த பிறகும் நிலம் கைக்கு வராமல் வேலை இழுபடும் கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். அமைச்சரை மேடையில் அழைத்து மாலை போடுவதோடு, நில விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் விசாரிக்கவும் ஒருவர் வேண்டும்.

கோயிலுக்கு மூன்று கதவுகள். சங்கப் பதிவு மத்திய உள்துறை அமைச்சின் கீழுள்ள சங்கப் பதிவகத்தில். நிலம் மாநில நில அலுவலகத்தில். கட்டட வரைபட அனுமதி ஊராட்சி மன்றத்தில். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் நாற்பது ஆண்டு கழித்து ஒரு நோட்டீஸ் வரும். பதிவுப் பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கும் சில கோயில் நிர்வாகங்கள், நிலத்துக்குப் பட்டா கேட்டு ஒரு கடிதம்கூட எழுதியிருக்காது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வாய்ப்பு உண்டு. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, மாவட்டத்துக்கான உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிற்சாலைக்கு, எது வழிபாட்டுக்கு, எது பள்ளிக்கு என்று அதில் வண்ணம் தீட்டியிருப்பார்கள். அந்த நாட்களில் ஆட்சேபமும் ஆலோசனையும் எழுத்தில் கொடுக்கலாம். நம் கோயிலும் பள்ளியும் அந்த வரைபடத்தில் சரியான வண்ணத்தில் இருக்கிறதா என்று அப்போது பார்த்தால் ஒரு கடிதத்தோடு வேலை முடியும். பிறகு பார்த்தால் வழக்கறிஞர் வேண்டும்.

காணாமற்போன மூன்றாவது ஓட்டு

மூன்று அரசாங்கங்கள் என்றோம். நமக்கு இருப்பதோ இரண்டு ஓட்டு. நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று. நாம் தினமும் காலில் மிதிக்கும் தெருவை ஆளும் ஊராட்சி மன்றத்துக்கு ஓட்டு இல்லை.

முன்பு இருந்தது. 1951-இல் ஜார்ஜ்டவுனில் தொடங்கிப் பல ஊர்களில் மன்றத் தேர்தல் நடந்தது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் அது நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் பொறுப்பு வகித்த ஜானகி ஆதி நாகப்பனின் கணவர். மன்றங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று அந்த ஆணையம் 1968-இல் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-இல் வந்த ஊராட்சி மன்றச் சட்டம், மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைப்படுத்தியது. தமிழ்நாட்டில், இடையிடையே தள்ளிப்போனாலும், ஒரு சிற்றூர்க்காரர்கூடத் தன் வார்டு உறுப்பினரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார். கோத்தா திங்கியில் மதிப்பீட்டு வரி கட்டும் நாம் அப்படிச் செய்ய முடியாது.

தேர்தல் மீண்டும் வருமா என்ற விவாதம் அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அதே 1976 சட்டம் மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்று சொல்கிறது. மன்றம் தீர்மானித்தால் மட்டுமே மூட முடியும். வீட்டு மதிப்பீடு உயர்த்தப்பட்டால் குறித்த நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கும் உரிமையும் இருக்கிறது. உங்கள் வட்டாரத்து மன்ற உறுப்பினர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? பெயரும் தொலைபேசி எண்ணும் மன்றத்தில் கேட்டால் கிடைக்கும். அவர் ஓட்டில் வந்தவர் இல்லை. ஆனாலும் சம்பளம் நம் வரிப்பணத்தில்.

ஓட்டுக் கேட்டு வருபவரிடம்

கோத்தா திங்கி மாவட்டத்து மக்கள் தெங்காரா, கோத்தா திங்கி, பெங்கெராங் என்ற நாடாளுமன்றத் தொகுதிகளில் ஓட்டளிக்கிறார்கள். பாந்தி, செடிலி, ஜொகூர் லாமா, பெனாவார் என்று சட்டமன்றத் தொகுதிகள் தனி. 18 வயதானவர்கள் முதன்முறையாக ஓட்டளித்த மாநிலத் தேர்தல், 2022 மார்ச்சில் நடந்த ஜொகூர் தேர்தல். பதிவு செய்யவே வேண்டாம், 18 ஆனால் பெயர் தானாகப் பட்டியலில் ஏறிவிடும். வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் இது.

சட்டமன்றத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ஆசிரியர் பற்றாக்குறையைக் கேட்காதீர்கள். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நிலத்தைக் கேளுங்கள். காட்டைக் கேளுங்கள். ஆற்றைக் கேளுங்கள். மன்றத்துக்கு யாரை நியமிக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்கு வருபவரிடம் கால்வாயைக் கேட்காதீர்கள். வரியில் எங்கள் மாநிலத்துக்கு என்ன பங்கு, மருத்துவமனைக்கு எத்தனை டாக்டர், தோட்டத் தொழிலாளருக்கு என்ன சம்பளம், 3 சென் தண்ணீரைப் பற்றி அவையில் என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள்.

சரியான ஆளிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிப்பது கஷ்டம். தவறான ஆளிடம் கேட்டால், அந்தக் கேள்வியே அவருக்குத் தப்பிக்க வழி.